ஒரே ஷாப்பிங் அக்கவுண்ட், வீட்டில் பல பேர்: வாங்கியதை நமக்குள் வைத்துக்கொள்வது எப்படி?

வீட்டில் யாரோ ஒருவர் எப்போதோ திறந்த ஷாப்பிங் அக்கவுண்ட், நாளாக ஆகக் குடும்பச் சொத்தாகிவிடுகிறது. பாஸ்வேர்ட் எல்லோருக்கும் தெரியும், ஆப் எல்லோர் போனிலும் இருக்கும், பணம் ஒருவர் கார்டிலிருந்து போகும். வசதிதான். ஆனால் பிறந்தநாள் பரிசோ, ஒரு மருந்தோ, உள்ளாடையோ, மற்றவர்கள் கேள்வி கேட்கக்கூடிய ஒரு புத்தகமோ வாங்கப் போகும்போதுதான், அந்த அக்கவுண்டில் மறைவு என்று ஒன்று கிடையாது என்பது உறைக்கும்.

இது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஆப்களில் மெனுக்கள் அடிக்கடி இடம் மாறும், பெயர் மாறும். அதனால் எந்தப் பட்டனை அழுத்துவது என்பதைவிட, எதைத் தேடிப் போவது என்பதையே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன்.

பொதுவான அக்கவுண்டில் ஒரு ஆர்டர் போட்டால் அது எங்கெல்லாம் தெரியும்?

பெரும்பாலோர் ‘என் ஆர்டர்கள்’ பட்டியலை மட்டுமே நினைத்துக் கவலைப்படுகிறார்கள். உண்மையில் வீட்டில் யாரும் வேலைமெனக்கெட்டு அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பதில்லை. விஷயம் வெளியே வருவது வேறு வழிகளில்.

மனைவிக்குத் தெரியாமல் ஒரு கைக்கடிகாரம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்கு உங்கள் போனில் தேடுகிறீர்கள். நீங்கள் தட்டிய சொல் அக்கவுண்டின் தேடல் வரலாற்றில் விழுகிறது. மறுநாள் அவர் தன் போனில் தேடல் கட்டத்தைத் தொட்டதும் ‘பெண்கள் வாட்ச்’ என்று அதுவே முன்வந்து நிற்கும். நான்கைந்து மாடல்களைப் பார்த்தீர்கள். அவை முகப்பில் ‘சமீபத்தில் பார்த்தவை’ வரிசையில் ஏறிவிட்டன. ஒன்றைக் கார்ட்டில் போட்டுவிட்டு யோசிக்கிறீர்கள். கார்ட் எல்லோருக்கும் பொது. பணம் கட்டியதும் கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர் போனுக்கு வங்கியிலிருந்து மெசேஜ் போகிறது. அக்கவுண்டில் பதிந்த மெயிலுக்கு உறுதிச் செய்தி. ஆப் உள்ள ஒவ்வொரு போனிலும் ‘உங்கள் பார்சல் கிளம்பிவிட்டது’, அப்புறம் ‘இன்று வருகிறது’. வீட்டில் ஸ்மார்ட் ஸ்பீக்கர் இருந்தால் அதன் விளக்கும் எரியும். வாசலில் பெட்டி, பெட்டிக்குள் பில். எல்லாம் முடிந்து நிம்மதியாக இருக்கும்போது, வாட்சுக்கு ஏற்ற பட்டைகளைப் பரிந்துரைத்து ஒரு மெயில். அதற்கும் சில நாள் கழித்து, ‘வாங்கிய பொருள் எப்படி இருக்கிறது, ரிவ்யூ எழுதுங்கள்’ என்று இன்னொன்று.

ஆர்டர் பட்டியலை மட்டும் மறைத்தால் இந்த வழிகளில் எதுவும் அடைபடாது.

ஆர்டரை அக்கவுண்டிலிருந்து அழிக்க முடியாதா?

பெரும்பாலும் முடியாது. பெரிய கடைகள் பலவற்றில் ஆர்டரை டிலீட் செய்யும் வசதி வாடிக்கையாளருக்குக் கிடையாது. வரிக் கணக்கு, ரிட்டர்ன், வாரன்டி எல்லாவற்றுக்கும் அந்தப் பதிவு வேண்டியிருக்கிறது. ஆர்டரைக் கேன்சல் செய்தாலும் ‘ரத்து செய்யப்பட்டது’ என்ற குறிப்போடு அங்கேயேதான் இருக்கும்.

சில கடைகளில் ‘ஆர்க்கைவ்’ அல்லது ‘மறை’ என்று ஒரு வசதி இருக்கும். அதை அழுத்தினால் ஆர்டர் வழக்கமான பட்டியலிலிருந்து விலகி வேறொரு பட்டியலுக்குப் போகும், அவ்வளவுதான். மறைத்தவற்றைப் பார்க்கும் இடம் தெரிந்தவர் இரண்டு தட்டில் எடுத்துவிடுவார். அக்கவுண்டின் முழுத் தரவையும் டவுன்லோட் செய்யக் கேட்டால் அதிலும் வந்துவிடும். தற்செயலாகக் கண்ணில் படாமல் இருக்க இது போதும். தேடிப் பார்க்கிறவரிடமிருந்து காக்க இது உதவாது. இன்னொன்று: மறைத்த பட்டியலில் ஒரே ஒரு ஆர்டர் தனியாக உட்கார்ந்திருந்தால், அதைப் பார்க்கிறவருக்கு அதுவே ஆயிரம் கதை சொல்லும்.

இன்காக்னிட்டோ விண்டோவில் வாங்கினால்?

அதிகம் பேர் நம்பி ஏமாறுவது இதில்தான். பிரைவேட் விண்டோ, பார்த்த பக்கங்களை உங்கள் கருவியில் சேமித்து வைக்காது. விண்டோவை மூடியதும் குக்கிகள் (உங்களை அடையாளம் காண தளங்கள் கருவியில் வைக்கும் சிறு கோப்புகள்) போய்விடும். அதன் வேலை அத்தோடு சரி. அக்கவுண்டுக்குள் லாகின் செய்துவிட்டால், எந்த விண்டோவில் நுழைந்தீர்கள் என்பது கடைக்கு ஒரு பொருட்டே இல்லை. பார்த்தது, தேடியது, வாங்கியது எல்லாம் கடையின் சர்வரில் அக்கவுண்டின் பெயரிலேயே பதிவாகும்.

சஃபாரி 2005இலும், குரோம் 2008இல் வெளிவந்தபோதே இன்காக்னிட்டோ என்ற பெயரிலும் இதைக் கொண்டுவந்தன. இத்தனை வருடம் ஆகியும் குழப்பம் தீரவில்லை. இன்காக்னிட்டோவிலும் தகவல் திரட்டப்படுகிறது என்று 2020இல் கூகுள் மீது அமெரிக்காவில் வழக்கு வந்தது. 2024 சமரசத்தில் கோடிக்கணக்கான பிரவுசிங் பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

ஆனாலும் இது ஒரு விஷயத்துக்கு நன்றாக உதவும்: லாகின் செய்யாமலே பொருளைத் தேடி, விலை ஒப்பிட்டு, ரிவ்யூ படித்து முடிவெடுக்க. எதை வாங்குவது என்று தீர்மானித்த பிறகு மட்டும் அக்கவுண்டுக்குள் போனால், ‘சமீபத்தில் பார்த்தவை’ வரிசையில் முப்பது வாட்ச் வந்து நிற்காது.

ஒரு கண்ணியும் இருக்கிறது. பிரவுசரில் சிங்க் ஓடிக்கொண்டிருந்தால், சாதாரண விண்டோவில் உங்கள் போனில் பார்த்தது அதே கூகுள் அக்கவுண்ட் உள்ள வீட்டுக் கம்ப்யூட்டரின் வரலாற்றிலும் வந்து உட்காரும். ஷாப்பிங் அக்கவுண்ட் பொதுவா என்று பார்ப்பதோடு, பிரவுசர் அக்கவுண்டும் பொதுவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முகப்பில் வந்து காட்டிக்கொடுக்கும் பரிந்துரைகளை என்ன செய்வது?

இதைத்தான் முதலில் கவனிக்கச் சொல்வேன், ஏனென்றால் இது யாரும் தேடாமலே தெரிகிற இடம். ஆப்பைத் திறந்தாலே முன்னால் வந்து நிற்கும்.

அமேசானில் பிரவுசிங் வரலாற்றில் ஒவ்வொரு பொருளாக நீக்கலாம். வரலாற்றுப் பதிவையே நிறுத்தியும் வைக்கலாம். வாங்கிய பொருளைப் பரிந்துரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொல்ல ‘பரிந்துரைகளை மேம்படுத்து’ என்ற பொருளில் தனிப் பக்கம் ஒன்று உண்டு. வேறு கடைகளிலும் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கும்; அக்கவுண்ட் செட்டிங்கில் ‘வரலாறு’, ‘பரிந்துரை’, ‘தனிப்பயனாக்கம்’ போன்ற சொற்களைத் தேடுங்கள்.

வரிசை முக்கியம். தேடத் தொடங்கும் முன் வரலாற்றை நிறுத்துங்கள். வாங்கிய பின் தேடல் சொற்களை நீக்குங்கள், கார்ட்டிலும் ‘பிறகு பார்க்கலாம்’ பகுதியிலும் மிச்சம் ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள், வாங்கியதைப் பரிந்துரையிலிருந்து விலக்குங்கள். பிறகு வரலாற்றை மறுபடி இயக்கிவிடுங்கள். மொத்த வரலாற்றையும் ஒரேயடியாகத் துடைத்துவிடாதீர்கள். தினமும் அந்த ஆப்பைப் பார்க்கிறவருக்கு, திடீரென்று வெறிச்சோடிப் போன முகப்பு உடனே தெரியும்.

மெயிலும் நோட்டிஃபிகேஷனும் மற்றவர்களுக்குப் போகாமல் தடுக்க முடியுமா?

ஒரு ஆர்டருக்கு மட்டும் தடுப்பது பெரும்பாலும் முடியாது. மெயில், அக்கவுண்டில் பதிந்த முகவரிக்கே போகும். போன் நோட்டிஃபிகேஷனை அந்தந்தப் போனில்தான் அணைக்க முடியும். உங்கள் போனில் அணைத்தால் உங்களுக்கு மட்டும்தான் வராது.

மெயில்பெட்டியே பொதுவாக இருந்தால், வந்த மெயிலை நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்கலாம். நீக்கியது குப்பைத் தொட்டியில் சில வாரம் கிடக்கும். அங்கிருந்தும் நீக்க வேண்டும். அதோடு ஜிமெயில், வந்த ரசீதுகளைப் படித்து ‘வாங்கியவை’ என்று தானாகவே ஒரு பட்டியல் போட்டு வைக்கும். கூகுள் அக்கவுண்டில் இப்படி ஒரு பக்கம் இருப்பது 2019இல் செய்தியானபோதுதான் நிறையப் பேருக்குத் தெரியவே வந்தது. ஜிமெயிலின் ஸ்மார்ட் வசதிகளை அணைத்தால் இப்படித் தொகுப்பது குறையும்.

கடை மெயில் எல்லாவற்றையும் ஃபில்டர் போட்டு ஒதுக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த வாரம் வீட்டில் இன்னொருவர் போட்ட ஆர்டருக்கு மெயில் வராதபோது, ‘ஏன் வரவில்லை?’ என்று செட்டிங்கைத் திறப்பார். நேராக உங்கள் ஃபில்டரில் வந்து நிற்பார்.

ஜிமெயில் முகவரியில் பிளஸ் குறி போட்டுப் புது அக்கவுண்ட் திறந்தால்?

பெயருக்குப் பின் பிளஸ் குறியும் ஒரு சொல்லும் சேர்த்தால் கடைக்கு அது வேறு முகவரிபோலத் தெரியும். ஆனால் மெயில் வந்து விழுவது அதே பெட்டியில். பெட்டி பொதுவாக இருந்தால் பயனில்லை. உங்களுக்கு மட்டுமேயான மெயில் ஒன்றைத் திறந்துகொள்வது ஐந்து நிமிட வேலை. ஐபோன் வைத்திருப்பவர்கள், 2019இல் வந்த ‘ஆப்பிள் மூலம் லாகின்’ வசதியை ஏற்கும் கடைகளில், உண்மையான முகவரியைக் காட்டாமலேயே அக்கவுண்ட் திறக்கலாம். ஆனால் அந்த ஆப்பிள் அக்கவுண்ட் உங்களுடையதாக மட்டும் இருக்க வேண்டும்.

ஸ்மார்ட் ஸ்பீக்கர் காட்டிக்கொடுக்குமா?

கொடுக்கும். அலெக்ஸா கருவி அமேசான் அக்கவுண்டோடு இணைந்திருந்தால், டெலிவரி தகவல் வரும்போது மஞ்சள் விளக்கு எரியும். ‘என் பார்சல் எங்கே?’ என்று யார் கேட்டாலும் பதில் சொல்லும், குழந்தை கேட்டாலும்கூட. அலெக்ஸா ஆப்பில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குள் அமேசான் ஷாப்பிங் என்று ஒரு பிரிவு இருக்கிறது. பொருளின் பெயரைச் சொல்லலாமா, காட்டலாமா என்பதற்கு அங்கே தனி ஸ்விட்ச் உண்டு. அதை அணைத்துவிட்டால் ‘ஒரு பார்சல் வருகிறது’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும். திரை உள்ள கருவி சமையலறையிலோ கூடத்திலோ இருந்தால் இதை இப்போதே செய்துவிடுவது நல்லது. பரிசு வாங்கும் அன்றைக்கு இது நினைவுக்கு வராது.

வங்கி ஸ்டேட்மெண்டில் பொருளின் பெயர் வருமா?

வராது. கடையின் பெயரும் தொகையும் தேதியும் வரும். சிக்கல் தொகையில்தான்: வழக்கத்துக்கு மாறான ஒரு தொகை போனால் ‘இது என்ன?’ என்ற கேள்வி வரும். கடையின் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும் இடங்களும் உண்டு; நகைக் கடையின் பெயர் வந்தபின் பொருளின் பெயர் எதற்கு?

உங்கள் கையில் இருப்பது கூடுதல் கார்டாக இருந்தால், ஸ்டேட்மெண்ட் பிரதான கார்டுக்காரருக்குத்தான் போகும். பல வீடுகளில் இது கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது.

கிஃப்ட் கார்டு ஒரு நல்ல வழி. கடையில் நேரில் பணம் கொடுத்து ஒன்று வாங்கி, அதைக் கொண்டு ஆர்டர் போட்டால் வங்கிப் பக்கம் எந்தத் தடமும் இருக்காது. ஆனால் அதைப் பொது அக்கவுண்டில் ஏற்றினால், மீதித் தொகை அங்கே இருப்பாகத் தெரியும். அடுத்து வேறொருவர் ஆர்டர் போடும்போது அதிலிருந்து கழியும். உங்கள் தனி அக்கவுண்டில்தான் ஏற்ற வேண்டும்.

ரீஃபண்டையும் யோசித்துக்கொள்ளுங்கள். பொருள் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால், பணம் பொதுவாக வந்த வழியே திரும்பும். அதற்கும் மெசேஜ் வரும், பிக்அப் அறிவிப்பும் வரும். மறைத்து வாங்கும் பொருளை, திருப்பி அனுப்பும்படி ஆகாத அளவுக்கு யோசித்து வாங்குவது உத்தமம்.

பெட்டி வாசலில் வந்து நிற்கும்போது?

எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு இங்கே கோட்டை விடுகிறவர்கள் அதிகம். சில பொருள்கள் கடையின் சாதாரண அட்டைப்பெட்டியில் வராமல், தயாரித்த கம்பெனியின் பெட்டியிலேயே, மேலே படத்தோடும் பெயரோடும், முகவரிச் சீட்டு மட்டும் ஒட்டி வரும். குப்பையைக் குறைக்க அமேசான் இதை ஒரு திட்டமாகவே நடத்துகிறது. மிக்ஸி, காபி மெஷின், பொம்மை, சின்ன டிவி போன்றவற்றில் இது சகஜம். பணம் கட்டும் பக்கத்தில், கடைப் பெட்டியில் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி சில பொருள்களுக்கு இருக்கும். கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

பரிசு என்று குறித்தால் பொதுவாக விலை இல்லாத ரசீது வரும். அதனால் பொருளே மறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

எல்லாவற்றிலும் எளிது, பார்சலை வீட்டுக்கு வரவழைக்காமல் இருப்பது. பிக்அப் பாயிண்ட், லாக்கர், அலுவலகம் (அலுவலகம் அனுமதித்தால்), நம்பிக்கையான நண்பர் வீடு என்று எதுவும் சரி. ஆனால் அந்தப் புது முகவரி பொது அக்கவுண்டில் சேமிக்கப்பட்டுவிடும். அடுத்த ஆர்டருக்கு அதுவே முதலில் வந்து நிற்கவும் கூடும். காரியம் முடிந்ததும் முகவரிப் பட்டியலில் போய் நீக்குங்கள். பழைய ஆர்டர் விவரத்தில் மட்டும் அது இருக்கும். அப்புறம் இந்த ஓடிபி: டெலிவரிக்கு ஓடிபி கேட்கும் கடைகளில் அது அக்கவுண்டில் பதிந்த எண்ணுக்கே போகும். ‘ஒரு ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் பார்த்துச் சொல்’ என்று யாருக்குத் தெரியக் கூடாதோ அவரிடமே கேட்கும் நிலை வந்துவிடும்.

இத்தனை வேலை வேண்டாம். ஒரே வழியாக ஏதாவது உண்டா?

உண்டு. ஆளுக்கொரு அக்கவுண்ட். மேலே சொன்னதெல்லாம் ஒட்டுப்போடும் வேலை. ஒரு ஆர்டருக்கு இத்தனை செட்டிங்கை மாற்றி, ஒன்றை மறந்தாலும் வெளியே வந்துவிடும் என்றால், அந்த அக்கவுண்ட் உங்களுடையது இல்லை என்று அர்த்தம்.

எல்லோரும் ஒரே அக்கவுண்டில் இருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், இலவச டெலிவரி போன்ற சந்தாச் சலுகைகள். அந்தச் சலுகையைத் தனி அக்கவுண்டுகளுக்குள் பகிர்ந்துகொள்ளவே குடும்ப இணைப்பு வசதிகள் இருக்கின்றன. அமேசானில் இரண்டு பெரியவர்கள் தங்கள் தனித்தனி அக்கவுண்டுகளை ஒரு குடும்பமாக இணைக்கலாம். எல்லா நாட்டிலும் இது ஒரே மாதிரி இல்லை, உங்கள் நாட்டுப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்டர் வரலாறு, பரிந்துரை எல்லாம் அவரவருக்குத் தனி. ஆனால் இணைக்கும்போது பணம் கட்டும் கார்டுகளையும் பகிரச் சொல்லும். அவசரத்தில் அவர் கார்டைத் தொட்டுவிட்டால் மெசேஜ் அவருக்குப் போய்விடும். கடைசிப் பக்கத்தில் எந்தக் கார்டு என்று ஒருமுறை பாருங்கள்.

ஆப், மின்னூல், படம் போன்ற டிஜிட்டல் சரக்கு வேறு ரகம். 2014இல் வந்த ஆப்பிள் குடும்பப் பகிர்வில் ஆறு பேர் வரை சேரலாம். வாங்குவதைப் பகிரும் வசதியை இயக்கியிருந்தால் கட்டணம் குழுவை அமைத்தவரின் கார்டில் போகும். ஒரு ஆப்பைக் குடும்பத்தின் பார்வையிலிருந்து மறைக்கலாம், ஆனால் பணம் கொடுத்தவருக்குக் கணக்கு தெரியும். கூகுள் பிளேயிலும் அப்படித்தான்: குடும்பக் கார்டில் எதை வாங்கினாலும் குழு நிர்வாகிக்கு ரசீது மெயில் போகும். தனியாக வாங்க வேண்டுமென்றால் உங்கள் சொந்தக் கார்டையோ கிஃப்ட் கார்டு இருப்பையோ பயன்படுத்துங்கள். கிண்டில் போன்ற மின்னூல்களில், எந்தப் புத்தகத்தைக் குடும்பத்தோடு பகிர்வது, எதைப் பகிராமல் விடுவது என்று புத்தகம் புத்தகமாகத் தேர்ந்தெடுக்க முடியும்.

‘தனி அக்கவுண்ட் வேண்டும் என்றால் ஏன் என்று கேட்பார்களே’ என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. ‘உன் முகப்பில் என் சாமான் வந்து குழப்புகிறது’ என்று சொன்னால் போதும். அது உண்மையும்கூட.

தனி அக்கவுண்டில் வாங்கியும் விளம்பரம் வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதே?

கடைப் பக்கத்தில் இருக்கும் விளம்பரக் கம்பெனிகளின் குக்கிகளும் டிராக்கர்களும், நீங்கள் பார்த்த பொருளை மற்ற தளங்களில் திரும்பத் திரும்பக் காட்டும். கருவி பொதுவாக இருந்தால் அடுத்து உட்காருகிறவர் அதைப் பார்ப்பார். கருவி தனியாக இருந்தாலும், ஒரே வீட்டு இணையத்தில் உள்ளவர்களை ஒரு குடும்பமாகக் கணித்து விளம்பரம் காட்டும் முறைகளும் உண்டு.

இதில் மிக மோசமாகக் கெட்ட பெயர் வாங்கியது ஃபேஸ்புக்கின் பீக்கன் என்ற ஏற்பாடு. 2007இல் வந்தது. வெளிக் கடைகளில் ஒருவர் வாங்குவதை அவருடைய ஃபேஸ்புக் நண்பர்களுக்கு அறிவித்துவிடும். மனைவியை வியக்கவைக்க ஓவர்ஸ்டாக் தளத்தில் வைர மோதிரம் வாங்கிய ஒருவரின் செய்தி, நண்பர் வட்டம் முழுக்கப் போய் மனைவியின் கண்ணிலும் பட்டது. 2008இல் வழக்கானது, 95 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது, 2009இல் பீக்கனே மூடப்பட்டது. இன்றைய விளம்பரங்கள் அவ்வளவு அப்பட்டமாகப் பெயர் சொல்வதில்லை; மோதிரப் படத்தைக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. வீட்டில் இருப்பவருக்கு அது போதாதா?

பொருளைத் தேடுவதைப் பிரைவேட் விண்டோவில் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் அக்கவுண்டில் தனிப்பயன் விளம்பரங்களை அணைக்கும் இடம் இருக்கிறது, 2022 முதல் ‘என் விளம்பர மையம்’ என்ற பெயரில். வீட்டு வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவில் தேடுவதும் ஓரளவு உதவும்.

நாளை மறுநாள் பிறந்தநாள். இப்போது உடனே என்ன செய்வது?

பொது அக்கவுண்டைத் தொடாதீர்கள். உங்கள் போனில் பிரைவேட் விண்டோ திறந்து, அக்கவுண்ட் இல்லாமலே வாங்க அனுமதிக்கும் வேறு கடையில், உங்கள் மெயில், உங்கள் எண், உங்கள் கார்டு கொடுத்து, கடையிலேயே போய் எடுத்துக்கொள்ளும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே பொது அக்கவுண்டில் போட்டுவிட்டீர்கள் என்றால், பரிந்துரையையும் தேடல் வரலாற்றையும் சரிசெய்துவிட்டு, டெலிவரி நாளில் வீட்டில் இருங்கள்.

உடல்நலம் சம்பந்தப்பட்ட பொருள்களுக்கும் இதே யோசனைதானா?

பரிசு வெளியே தெரிந்தால் ஒரு நாள் ஏமாற்றம். கர்ப்பப் பரிசோதனைக் கருவியோ மனநலம் பற்றிய புத்தகமோ தெரிந்தால் அது வேறு. இந்த ரகப் பொருளுக்கு ‘மறை’ பட்டனை நம்ப வேண்டாம். தனி அக்கவுண்ட் இல்லையென்றால், அக்கம்பக்கம் தாண்டி வேறொரு கடையில் ரொக்கமாக வாங்குவதுதான் நல்லது. தள்ளுபடி அட்டையோ போன் எண்ணோ கொடுக்காதீர்கள். அதுவும் ஒரு வாங்கல் வரலாறுதான். மாதாமாதம் தானாக வரும் சந்தா முறையில் இவற்றைப் போடவே போடாதீர்கள். நீங்கள் மறந்தாலும் அது ஒவ்வொரு மாதமும் அறிவிப்பு அனுப்பும்.

என் செலவையெல்லாம் ஒருவர் கண்காணிக்கிறார். அவரிடமிருந்து மறைக்க வேண்டும்.

அப்படியானால் மேலே சொன்ன செட்டிங் மாற்றங்களைச் செய்யும் முன் நிதானியுங்கள். கண்காணிக்கிறவர் மாற்றத்தைக் கவனிப்பார். வரலாறு துடைக்கப்பட்டது, பாஸ்வேர்ட் மாறியது, நோட்டிஃபிகேஷன் நின்றது என்பதெல்லாம் அவரைத் தூண்டிவிடக்கூடும். பொது அக்கவுண்டை அப்படியே, வழக்கம்போல ஓடவிடுங்கள். தேவையானதை அவர் கை படாத கருவியில், அதாவது நம்பிக்கையான தோழி அல்லது உறவினரின் போனிலோ நூலகக் கம்ப்யூட்டரிலோ, புது மெயிலோடு செய்யுங்கள். உங்கள் போனிலேயே வேவு பார்க்கும் ஆப் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், இதைப் படிப்பதைக்கூட வேறு கருவியில் தொடருங்கள். குடும்ப வன்முறைக்கான உதவி அமைப்புகளில் இப்படிப்பட்ட தொழில்நுட்பக் கேள்விகளுக்கும் வழிகாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தனியாகச் சமாளிக்க வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் உங்கள் நாட்டின் அவசர எண்ணை அழையுங்கள்.

பிள்ளைகள் வாங்குவதைப் பெற்றோர் பார்க்கக் கூடாதா?

சின்னப் பிள்ளைகள் என்றால் பார்க்கத்தான் வேண்டும். வாங்கும் முன் அனுமதி கேட்கவைக்கும் வசதி குடும்பக் குழுக்களில் இருக்கிறது. பதினாறு, பதினேழு வயதில் அதே கண்காணிப்பைத் தொடர்ந்தால், அவர்கள் நண்பர்களின் அக்கவுண்டில் வாங்கக் கற்றுக்கொள்வார்கள். தொகைக்கு வரம்பு வைத்துக் கிஃப்ட் கார்டாகக் கொடுத்துவிட்டு, பொருள் என்ன என்பதை அவர்களிடம் விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

விஷ் லிஸ்ட், ரிவ்யூ?

விஷ் லிஸ்ட் யாருக்குத் தெரிகிறது என்பதை அதன் செட்டிங்கில் பாருங்கள். ‘எனக்கு மட்டும்’ என்று இருந்தாலும், அக்கவுண்ட் பொது என்றால் அந்த ‘எனக்கு’ வீட்டில் எல்லோரும்தான். ரிவ்யூ எழுதினால் அக்கவுண்டின் பொதுப் பெயரில் உலகத்துக்கே தெரியும்.

வீட்டை விட்டுத் தனியாக வந்து நாளாகிவிட்டது. இன்னும் அதே அக்கவுண்டில்தான் வாங்குகிறேன்.

தனி அக்கவுண்ட் திறந்துகொண்டு, பழையதிலிருந்து உங்கள் முகவரிகள், கார்டுகள், போன் எண் மூன்றையும் நீக்குங்கள். உங்கள் போனில் லாகவுட் செய்யுங்கள். அக்கவுண்ட் உங்கள் பெயரில் இருந்து, மற்றவர்கள்தான் வெளியேற வேண்டும் என்றால், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். பாஸ்வேர்ட் மாற்றினாலே பழைய டிவியும் டேப்லெட்டும் தானாக வெளியேறிவிடும் என்று எல்லாக் கடையிலும் சொல்ல முடியாது. மின்னூல்களும் படங்களும் பொதுவாக வாங்கிய அக்கவுண்டோடுதான் தங்கும், கூட வராது. அவற்றுக்காக அழுதுகொண்டே பழையதில் இருப்பவர்களும் உண்டு.

அக்கவுண்ட் என்னுடையது. மற்றவர்கள் வாங்குவதை நான் பார்க்க விரும்பவில்லை. என்ன செய்யலாம்?

நல்ல மனசு. உங்கள் போனில் அந்த ஆப்பின் ஆர்டர் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். போன் லாக் திரையில் மெசேஜின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றுங்கள். கடை மெயில்கள் தனி ஃபோல்டருக்குப் போகட்டும், அதை அவர்களிடமும் சொல்லிவைத்தால் நிம்மதியாக வாங்குவார்கள். உங்கள் ஆர்டரைத் தேடும்போது பட்டியலை உருட்டிப் பார்க்காமல், பொருளின் பெயரைத் தட்டித் தேடுங்கள். கார்டு ஸ்டேட்மெண்டில் புரியாத தொகை வந்தால் மட்டும், ‘இது நம் வீட்டு ஆர்டர்தானா?’ என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அதற்கு மேல் கேட்க வேண்டாம். இல்லை என்றால் உடனே வங்கிக்குப் போன் போடுங்கள்.